எல்.எல்.ஆர். வைத்துக்கொண்டு கேரளாவுக்கு வண்டி ஓட்டலாமா?



எங்கள் அறக்கட்டளை அலுவலகத்துக்குப் படிவம் நிரப்பவும் மனு எழுதவும் வருகிறவர்கள், வந்த வேலை முடிந்து எழுந்திருக்கும்போது கூடுதலாக ஒரு கேள்வி கேட்பார்கள். கொஞ்ச நாளாக அந்தக் கூடுதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. "பையனுக்கு எல்.எல்.ஆர். வந்துட்டு. பெருநாள் லீவுல கொல்லத்துல அவன் மாமி வீட்டுக்கு வண்டியிலேயே போயிட்டு வாரேங்கான். புளியரையைத் தாண்டுனா பிடிப்பாங்களா?" கேட்பவர் அநேகமாகத் தாயாராக இருப்பார். தகப்பனார் சவூதியிலோ துபாயிலோ இருப்பார். வண்டியின் ஆர்.சி. புக் தகப்பனார் பெயரில் இருக்கும். இந்தக் கடைசி விஷயத்தை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. அதுதான் பெரிய விஷயம் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

சுருக்கமான பதில் இது. புளியரையைத் தாண்டுவதால் எல்.எல்.ஆர். செல்லாமல் போய்விடாது. ஆனால் பையன் தனியாகப் போனால், அது கொல்லத்திலும் செல்லாது, நம் தெருவிலும் செல்லாது.

முதல் பாதியைப் பார்ப்போம். எல்.எல்.ஆர். சொந்த மாவட்டத்துக்குள் மட்டும்தான் செல்லும் என்று சொல்கிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். பல வருஷம் வண்டி ஓட்டியவர்களே அப்படிச் சொல்கிறார்கள். காகிதத்தின் மேலே ஒரு ஆர்.டி.ஓ. ஆபீஸின் பெயர் இருப்பதால், அந்த ஆபீஸின் எல்லையோடு அது முடிந்துவிடும் என்ற எண்ணம் வந்திருக்கலாம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 13ஆவது பிரிவு மிகச் சிறியது. இந்தச் சட்டத்தின்படி வழங்கப்பட்ட பழகுநர் உரிமமும் சரி, ஓட்டுநர் உரிமமும் சரி, இந்தியா முழுவதும் செல்லும் என்பதே அதன் சாரம். பழகுநர் உரிமம் என்பது நாம் எல்.எல்.ஆர். என்று சொல்வதுதான். ஆகவே கேரளாவிலோ கர்நாடகாவிலோ ஒரு காவலர், "இது தமிழ்நாட்டு எல்.எல்.ஆர்., இங்கே செல்லாது" என்று சொன்னால், மரியாதையாக இந்தப் பிரிவைச் சொல்லலாம். ஆனால் "உன் பக்கத்தில் யார்?" என்று அவர் கேட்டால், அந்தக் கேள்விக்கும் நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.

அந்தக் கேள்விக்கான விதி, 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 3ஆவது விதி. லைசென்ஸ் இல்லாமல் யாரும் பொதுச் சாலையில் வண்டி ஓட்டக்கூடாது என்பது பொதுச் சட்டம். பழகுகிறவருக்கு மட்டும் அதிலிருந்து ஒரு விலக்கு கொடுக்கிறது இந்த விதி. விலக்கு சும்மா கிடைப்பதில்லை, மூன்று நிபந்தனைகள் உண்டு. கையில் காலாவதியாகாத எல்.எல்.ஆர். இருக்க வேண்டும். அந்த வகை வண்டிக்கு நடப்பில் உள்ள லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், அதுவும் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு நிறத்தில் 'எல்' எழுத்து இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் விலக்கு இல்லை. விலக்கு இல்லையென்றால், எல்.எல்.ஆர். வைத்திருக்கும் பையனும் எதுவுமே இல்லாமல் ஓட்டும் பையனும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான்.

இதை ஒருமுறை நிறுத்திப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். நம் வீடுகளில் எல்.எல்.ஆரை ஒரு சின்ன லைசென்ஸாகவே நினைக்கிறோம். பெரிய லைசென்ஸ் வரும்வரை இதை வைத்து ஓட்டிக்கொள்ளலாம், கொஞ்சம் கவனமாக ஓட்டினால் போதும் என்று நினைக்கிறோம். அது லைசென்ஸில் பாதி அல்ல. ஆள் கூட இருக்கும்போது மட்டும் உயிர் வரும் காகிதம் அது.

'எல்' எழுத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைச் சதுரம் ஒரு பக்கம் 18 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. எழுத்து 10 சென்டிமீட்டர் உயரம், 2 சென்டிமீட்டர் தடிமன், அடியில் 9 சென்டிமீட்டர் அகலத்துக்குக் குறையக்கூடாது. ஸ்டிக்கர் கடையில் சொன்னால் வெட்டித் தந்துவிடுவார்கள். கண்ணாடியின் மூலையில் தீப்பெட்டி அளவில் ஒட்டுவதும், முன்னால் மட்டும் ஒட்டிவிட்டுப் பின்னால் விட்டுவிடுவதும் கணக்கில் வராது.

கூட இருப்பவர் யார் என்பதில்தான் நம் வீடுகள் தடுக்கி விழுகின்றன.

விடுமுறையில் வந்த மாமா பழக்கிக்கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ரியாத்தில் பதினைந்து வருஷம் டிரைவராக இருந்தவர், கை அவ்வளவு சுத்தம். ஆனால் அவரிடம் இருப்பது சவூதி லைசென்ஸ். இங்கே எடுத்த லைசென்ஸ் எப்போதோ காலாவதியாகி, பீரோவில் கிடக்கிறது. நம் சட்டத்தில் ஓட்டுநர் உரிமம் என்றால் நம் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட உரிமம் என்றே பொருள். காலாவதியானது நடப்பில் உள்ள உரிமம் ஆகாது. முன்பு காலாவதிக்குப் பிறகும் முப்பது நாள் சலுகை இருந்தது, 2019 திருத்தத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். காலாவதியாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்டித்தான் புதுப்பிக்க முடியும். எனவே எவ்வளவு தேர்ந்த டிரைவராக இருந்தாலும், அந்த மாமா பக்கத்தில் உட்கார்ந்திருப்பது விதிப்படி யாரும் உட்காராததற்குச் சமம். வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் ஊரில் இறங்கிய முதல் வாரத்திலேயே தங்கள் லைசென்ஸில் தேதியைப் பார்த்துவிடுவது நல்லது. இது மருமகனுக்காக மட்டும் அல்ல, அவர்களே பள்ளிவாசல்வரை வண்டியில் போவதற்கும்தான்.

அடுத்தது வண்டியின் வகை. டூவீலர் லைசென்ஸ் மட்டும் இருக்கும் அண்ணன், காருக்கு எல்.எல்.ஆர். எடுத்த தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தால் போதாது, அவரிடம் கார் ஓட்டும் லைசென்ஸ் இருக்க வேண்டும். பழகுகிறவருக்கும் அப்படித்தான். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு எடுத்த எல்.எல்.ஆரில் கியர் பைக் ஓட்ட முடியாது. ஏற்கனவே பைக் லைசென்ஸ் இருக்கிறது என்பதால், கார் எல்.எல்.ஆரில் ஓட்டும்போது இந்த நிபந்தனைகளில் சலுகை கிடையாது.

பிறகு உட்காரும் இடம். காரில் கூட இருப்பவர் முன்சீட்டில், கைப்பிரேக்கை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். முன்சீட்டில் பையனின் கூட்டாளி, பின்சீட்டில் லைசென்ஸ் உள்ள பெரியப்பா என்றால் விதி நிறைவேறவில்லை.

பைக், ஸ்கூட்டர் விஷயத்தில் விதி இன்னும் இறுக்கம். எல்.எல்.ஆரில் இருசக்கர வண்டி ஓட்டுகிறவர், பழக்கிக்கொடுக்கும் லைசென்ஸ்காரரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக்கூடாது. அப்படியானால் எல்.எல்.ஆர். உள்ள பையன் தன் தாயாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போகலாமா? தாயாரிடம் அந்த வகை வண்டிக்கு லைசென்ஸ் இருந்தால் போகலாம், அவர்தான் அப்போது பழக்குநர். இல்லையென்றால் போகக்கூடாது. இதனால் ஒரு நன்மையும் உண்டு. ஸ்கூட்டர் லைசென்ஸ் எடுத்த பெண்கள் இப்போது நம் தெருக்களில் பலர் இருக்கிறார்கள். மகளுக்கோ தங்கைக்கோ பழக்கிவிட ஆண் துணையைத் தேடிக் காத்திருக்க வேண்டியதில்லை, அவர்களே பின்னால் உட்கார்ந்தால் போதும். இரண்டு பேருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

இத்தனையும் சரியாக இருந்தால் கொல்லம் வரை போகலாமா என்றால், சட்டம் தடுக்கவில்லை. நாங்கள் வேண்டாம் என்கிறோம். செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் சாலையை அறிந்தவர்கள் ஏன் என்று கேட்கமாட்டார்கள். புளியரையைத் தாண்டியதும் 'எஸ்' வளைவு. அதன்பின் கோட்டைவாசல், ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை என்று மலைச்சாலை வளைந்து வளைந்து இறங்குகிறது. இரவு பகல் பார்க்காமல் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள், காய்கறி லாரிகள், இரண்டு மாநில பஸ்கள். குற்றாலத்தில் சீசன் என்றால் மலைக்கு அந்தப் பக்கம் பருவமழை கொட்டுகிறது என்று அர்த்தம், சாலை வழுக்கும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை செல்லும் வண்டிகள் சேர்ந்துகொள்ளும். மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதலில் வழிவிட வேண்டும் என்பதை எல்.எல்.ஆர். தேர்வுக்குப் படித்திருப்பார்கள். எதிரே லாரி ஏறி வரும்போது, பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடிக்கும்போது, படித்தது நினைவுக்கு வருவதற்குள் வளைவு வந்துவிடும். இரண்டாவது கியரில் இறங்க வேண்டிய இடத்தில் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கி, பிரேக் சூடேறி நிற்கும் வண்டிகளை அந்தச் சாலையில் எப்போதும் பார்க்கலாம். பழகுவதற்கு அது இடம் அல்ல. செங்கோட்டையிலிருந்து புனலூர் வழியாகக் கொல்லத்துக்கு ரயில் இருக்கிறது, பஸ்ஸும் இருக்கிறது. மாமி வீட்டுக்கு அதில் போகலாம்.

நம் பாட்டனார் காலத்தில் இந்தக் கணவாய் மாநில எல்லையாக இருந்ததில்லை. செங்கோட்டையே திருவிதாங்கூரோடு இருந்தது, 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதனால்தானோ என்னவோ, புளியரையைத் தாண்டுவதை வேறு மாநிலத்துக்குப் போவதாகவே நம் குடும்பங்கள் நினைப்பதில்லை. பெண் கொடுத்து எடுப்பதும் கடை வைப்பதும் அந்தப் பக்கமும் நடக்கிறது. எல்லை நமக்கு உறைப்பது அங்கே ஒரு விபத்து நடக்கும்போதுதான்.

வண்டி யார் பெயரில்?

ஒரு குடும்பத்தைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். எல்.எல்.ஆர். எடுத்து இரண்டு மாதமான பையன், தகப்பனார் பெயரில் உள்ள பைக்கில் தனியாகப் போகிறான். தென்மலைக்கு அப்பால் ஒரு வளைவில், வேலை முடிந்து நடந்து போகும் ஒரு கூலித் தொழிலாளி மீது வண்டி மோதிவிடுகிறது. அல்லாஹ் காப்பாற்ற வேண்டும், ஆனால் நடக்கக்கூடியதுதான். இனி என்னவெல்லாம் வரிசையாக வரும் என்று பாருங்கள்.

வழக்கு அங்குள்ள போலீஸ் ஸ்டேஷனில் பதிவாகும், வண்டி அங்கேயே நிற்கும். கூட ஆள் இல்லாததால் பையன் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகவே ஆகும். 181ஆவது பிரிவின்படி 5,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸ் இல்லாதவர் கையில் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் 180ஆவது பிரிவின்படி அதே அளவு தண்டனை உண்டு. உரிமையாளர் யார்? வளைகுடாவில் இருக்கும் தகப்பனார்.

இதுவரை சொன்னது சிறிய தொகை. பெரிய தொகை இழப்பீட்டு வழக்கில் வரும். விபத்தில் அடிபட்டவரோ, அவர் இறந்துவிட்டால் அவர் குடும்பமோ, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு கொடுப்பார்கள். விபத்து நடந்த இடத்துக்குரிய தீர்ப்பாயத்திலும் கொடுக்கலாம், அவர்கள் வசிக்கும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலும் கொடுக்கலாம். அப்படியானால் நம் குடும்பம் வாய்தாவுக்கு வாய்தா மலையைத் தாண்டிப் போய்வர வேண்டும், மலையாளத்தில் நடப்பதை வக்கீல் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டும். கணவர் வெளிநாட்டில் இருக்கும் ஒரு பெண்மணிக்கு இது எவ்வளவு பெரிய பாரம் என்று சொல்ல வேண்டியதில்லை.

"இன்சூரன்ஸ் இருக்கே" என்பார்கள். இருக்கிறது. அந்தப் பாலிசியை எடுத்து, யார் ஓட்டலாம் என்று எழுதியிருக்கும் பத்தியைப் படியுங்கள். கார், டூவீலர் பாலிசிகளில் அது ஏறக்குறைய ஒரே வாசகமாக இருக்கும். நடப்பில் உள்ள லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டு, எல்.எல்.ஆர். உள்ளவரும் ஓட்டலாம், ஆனால் அவர் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 3ஆவது விதியை நிறைவேற்றியிருக்க வேண்டும் என்று சொல்லும். மேலே நாம் பார்த்த அதே மூன்று நிபந்தனைகள். அதாவது எல்.எல்.ஆர். என்பதால் இன்சூரன்ஸ் கிடைக்காது என்பது தவறு, எல்.எல்.ஆர். இருந்தால் போதும், இன்சூரன்ஸ் கிடைத்துவிடும் என்பதும் தவறு. பக்கத்தில் ஆள் இருந்தாரா என்பதைத்தான் கம்பெனி முதலில் கேட்கும்.

இந்த விஷயத்தில் 2004ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு ஒன்று உண்டு. நேஷனல் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சுவரண் சிங் என்பவருக்கும் இடையிலான வழக்கு. பல வழக்குகளைச் சேர்த்து மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள். எல்.எல்.ஆர். வைத்திருப்பவரும் உரிமம் பெற்றவரே, அதை மட்டும் காரணம் காட்டி, அடிபட்ட மூன்றாம் நபருக்குப் பணம் தர மாட்டேன் என்று கம்பெனி சொல்ல முடியாது என்றார்கள். நிபந்தனை மீறப்பட்டது என்று கம்பெனி வாதாடினால் அதை நிரூபிக்கும் பொறுப்பும் கம்பெனியுடையதே. அந்த மீறல் விபத்துக்குக் காரணமாகும் அளவுக்கு அடிப்படையானது என்பதையும் அது காட்ட வேண்டும். அடிபட்டவர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. வண்டிக்காரர் குடும்பத்துக்கோ இதே தீர்ப்பில் மறுபக்கம் ஒன்றும் இருக்கிறது. மீறல் நிரூபணமானால், கம்பெனி முதலில் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு வண்டி உரிமையாளரிடமிருந்து அதை வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயம் உத்தரவிடலாம். அடிபட்டவர் கையில் பணம் போய்ச் சேர்ந்துவிடும், நோட்டீஸ் நம் வீட்டுக்கு வரும். உழைக்கும் வயதில் ஒருவர் இறந்தால், அவர் சம்பாத்தியம், வயது, அவரை நம்பி இருப்பவர்கள் என்று கணக்கிட்டுத் தரும் தொகை பல லட்சம் ஆகும். வளைகுடாவில் வருஷக்கணக்காக உழைத்துக் கட்டிய வீட்டின் மேல் அது வந்து நிற்கும்.

அடிபட்டது நம் பையனாகவே இருந்தால்? பாலிசியில் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு கட்டாயமாக இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அதன் பெயரை முழுதாகப் பார்க்க வேண்டும். அது வண்டியின் உரிமையாளரே ஓட்டும்போது அவருக்கு உள்ள காப்பீடு. ஆர்.சி. புக்கில் தகப்பனார் பெயர் இருந்து, ஓட்டியது மகன் என்றால், அந்த 15 லட்சம் மகனுக்கு இல்லை. மகன் பெயரிலேயே வண்டி இருந்தாலும், ஓட்டும்போது அவன் லைசென்ஸ் நிபந்தனைகளை நிறைவேற்றியிருந்தால்தான் உண்டு. வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்கும் இதே கதிதான்.

இதெல்லாம் புளியரைக்கு இந்தப் பக்கம் நடந்தாலும் உண்மைதான். ஆனால் ஊருக்குள் பத்து நிமிஷம் தனியாக ஓட்டிப் பழகிய பையன்தான் ஒருநாள் எல்லையைத் தாண்டிப் போகத் துணிகிறான். அதனால்தான் இவ்வளவு சொல்கிறோம்.

கேரளாவில் 2023 ஜூன் மாதம் முதல் சாலைகளில் 726 கேமராக்கள் அபராதம் போடத் தொடங்கின. ஹெல்மெட் இல்லாதது, மூன்று பேர் போவது, சீட் பெல்ட் போடாதது, ஓட்டும்போது போன் பேசுவது இதையெல்லாம் அவை படம் பிடிக்கும். எல்.எல்.ஆர். இருக்கிறதா என்று கேமராவுக்குத் தெரியாது. ஆனால் அபராதச் சீட்டு ஆர்.சி. புக்கில் உள்ளவர் பெயருக்குத்தான் வரும், நம் மாநில வண்டிக்கும் வரும். தகப்பனாரின் பழைய செல்போன் எண் பதிவில் இருந்தால், வந்ததே வீட்டுக்குத் தெரியாமல் போகும். எனவே பதிவில் உள்ள செல்போன் எண்ணை ஊரில் இருப்பவர் எண்ணாக மாற்றிவைப்பது புத்திசாலித்தனம்.

மூணாறு, கோவா போய் அங்கே வாடகைக்கு ஸ்கூட்டர் எடுக்கலாம் என்று எல்.எல்.ஆரை எடுத்துக்கொண்டு போகும் பையன்களும் உண்டு. வாடகைக்கு எடுக்க நடப்பில் உள்ள லைசென்ஸ் வேண்டும். சில இடங்களில் எல்.எல்.ஆரைப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். கொடுத்துவிட்டதால் அது சரியாகிவிடாது. விபத்து நடந்தால் அப்போது வண்டியும் பிறருடையது என்ற தொல்லையும் சேரும்.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 16 வயது முடிந்தவருக்கு, பெற்றோர் எழுத்துமூலம் சம்மதித்தால், எல்.எல்.ஆர். கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். நம் வீடுகளில் நிற்கும் ஸ்கூட்டர்கள் 100, 110, 125 சிசி. டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 கூட அந்தக் கணக்குக்குள் வராது. 18 வயது முடியாத பிள்ளை அதை ஓட்டிக் குற்றம் நடந்தால், 199ஏ பிரிவின்படி குற்றவாளி பெற்றோரும் வண்டி உரிமையாளரும்தான். மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. சுபுஹு தொழுகைக்குப் பிள்ளையை ஸ்கூட்டரில் அனுப்பும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

வேறு மாநிலத்திலேயே தங்கப் போகிறவர்களுக்கு

இன்னொரு வகைக் கேள்வியும் வருகிறது. இங்கே எல்.எல்.ஆர். எடுத்த மகளுக்குப் புனலூரில் திருமணம் ஆகிவிட்டது, அல்லது மகனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. லைசென்ஸ் டெஸ்டுக்கு எங்கே போவது? சட்டத்தின் 9ஆவது பிரிவு, ஒருவர் வழக்கமாக வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாநிலத்தில் உள்ள எந்த உரிம அலுவலகத்திலும் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறது. 2019 திருத்தத்துக்கு முன்பு உங்கள் பகுதிக்குரிய அலுவலகம்தான், இப்போது மாநிலத்துக்குள் எதுவும் ஆகலாம். புனலூரில் போய்க் குடியேறிய மகள் அந்த முகவரிக்கு ஆதாரம் காட்டி அங்கே விண்ணப்பிப்பதுதான் சரி. மகன் வேலைக்குச் சேர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதென்றால், ஊரிலேயே டெஸ்டை முடித்துவிட்டுப் போவது எளிது. எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் ஆகியிருந்தால் டெஸ்டுக்குப் போகலாம். இங்கே எடுக்கும் லைசென்ஸ் பெங்களூரிலும் செல்லும், அங்கே போய் வேறு எடுக்க வேண்டியதில்லை. வண்டியை அங்கே கொண்டுபோய் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் அந்த மாநிலத்துப் பதிவு எண் வாங்க வேண்டும்.

எல்.எல்.ஆரின் ஆயுள் ஆறு மாதம். அதற்குள் டெஸ்டை முடிக்காவிட்டால் மறுபடி எல்.எல்.ஆரில் இருந்து தொடங்க வேண்டும், மறுபடி 30 நாள். காலேஜ் பரீட்சை, நோன்பு, பெருநாள், கல்யாணம் என்று தள்ளித் தள்ளி ஐந்தாவது மாதம் டெஸ்டுக்கு நாள் தேடினால், நாள் கிடைக்காமல் போகலாம். எல்.எல்.ஆர். கையில் வந்த அன்றைக்கே, 30 நாள் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து, அதை ஒட்டி டெஸ்டுக்கு நாள் வாங்குவதுதான் நாங்கள் எல்லாரிடமும் சொல்வது. ஒரு மாதம் பொறுத்தால் முழு லைசென்ஸோடு தனியாகவே கொல்லம் போகலாம் என்று சொன்னால் பையன்களும் கேட்டுக்கொள்கிறார்கள்.

சாலையில் காகிதம் கேட்டால், டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ உள்ள ஆவணங்களைச் செல்போனில் காட்டலாம், 2018 முதல் விதியிலேயே அதற்கு இடம் இருக்கிறது. ஆனாலும் மலைப்பாதையில் பல இடங்களில் சிக்னல் கிடைப்பதில்லை. எல்.எல்.ஆரின் அச்சுப் பிரதி ஒன்றையும், கூட வருபவரின் லைசென்ஸையும் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

தங்கள் எல்.எல்.ஆர்., கூட இருந்து பழக்குபவரின் லைசென்ஸ், இன்சூரன்ஸ் பாலிசி இவற்றைச் சரிபார்த்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு எடுத்து வரலாம். தேதிகளையும் வண்டி வகையையும் பார்த்துச் சொல்கிறோம், பாலிசியில் ஓட்டுநர் பற்றிய பத்தியைத் தமிழில் விளக்குகிறோம். வளைகுடாவிலிருந்து வந்திருப்பவர்களின் பழைய லைசென்ஸைப் புதுப்பிக்க விண்ணப்பம் நிரப்பவும் உதவுகிறோம், கட்டணம் இல்லை. வரும்போது ஆர்.சி. புக்கின் நகலையும் கொண்டு வாருங்கள், அதில் யார் பெயர் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்போம்.